கத்தரிக்கோல், கஞ்சிப்பசை, கொஞ்சம் சீட்டித்துணி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆணின்னதும் ஞாபகம் வருது, இந்தப் பதிவே ஒரு ஆணியிலதான் ஆரம்பிச்சுது.

வேளச்சேரியில வீடு மாறினோம். சாவி கொடுக்கும்போதே வீட்டு ஓனர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க தம்பி." நான் தினமும் ஆபீஸ்ல புடுங்கற ஆள், அடிக்கற ஆள் இல்லைன்னு சொல்ல வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன் :-)

ஹாலுக்குள்ள போனா, சோபாவுக்கு நேர் எதிர் சுவத்துல பழைய ஓதக்கறை. பார்க்க ஆஸ்திரேலியா மேப் மாதிரியே இருக்கும். கீழே டாஸ்மேனியா கூட உண்டு. பெயிண்ட் அடிச்சுத் தாங்கன்னு கேட்டோம். அடுத்த வருஷம் பார்க்கலாம்னுட்டார். அட்வான்ஸ், வண்டி வாடகை, பால் காய்ச்சினது எல்லாம் போக எங்க கையில அலங்காரத்துக்குன்னு மிஞ்சினது 500 ரூபாய்.

தங்கமணிதான் வழி சொன்னா. மெல்லிசான பருத்தித் துணியை கஞ்சிப்பசையில நனைச்சு ஒட்டிடலாம், காலி பண்ணும்போது தண்ணி தடவினா தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும், ஆணியே தேவையில்லைன்னா. ஐடியா நல்லாத்தான் இருந்துச்சு. துணிக்கு எங்க போறதுன்னு கேட்டேன். இரும்புப் பெட்டியைத் திறந்து எங்க அப்பத்தாவோட வாயில் புடவையை எடுத்து நீட்டினா.

வெள்ளைத் தரை, அதுல கருப்புக் கொடி, கொடியில சிவப்புப் பூ. மடிப்புல எல்லாம் நைஞ்சு கிழிஞ்சிருக்கும், கட்ட முடியாது. அப்பத்தா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவங்க நினைவா என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதைக் கத்தரிக்கோலால வெட்டி சுவத்துல ஒட்டறதா? முடியாதுன்னுட்டேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல. ரெண்டு நாள் வீட்ல பேச்சுவார்த்தை இல்லை.

இன்ஜினியர் புத்தி என்ன பண்ணும்? சண்டையில ஜெயிக்க டேட்டா தேடும். துணியை வெட்டி ஒட்டறதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவங்க யூடியூப் பார்த்துச் செய்யறது, பழைய துணிக்கு அது அவமரியாதைன்னு நிரூபிக்கறதுக்காக உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சு முடிச்சப்போ தோத்துப் போயிருந்தேன். அந்தக் கதைதான் இது.

முதல்ல நம்ம சென்னையிலேயே ஆரம்பிப்போம். 1639-ல கிழக்கிந்தியக் கம்பெனி ஆளு ஃபிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்க துறைமுகம் கிடையாது, அலை வேற பயங்கரம். அப்புறம் ஏன்? இங்க துணி மத்த இடத்தை விட 20 சதவீதம் மலிவுங்கறது அவர் சொன்ன முக்கியமான காரணம். ஆக, கோட்டை கட்டினதே துணிக்காகத்தான். 1734-ல கவர்னர் மார்ட்டன் பிட் காலத்துல நெசவாளர்களுக்குன்னு ஒரு ஊரே உண்டாக்கினாங்க. சின்னத் தறிப் பேட்டை. இப்போ நாம சிந்தாதிரிப்பேட்டைங்கறோம். நூல் நூற்கறவங்க, நெய்யறவங்க, துணியில படம் எழுதறவங்கன்னு எல்லாரையும் குடியேத்தினாங்க. துணி வெளுத்த இடம் வண்ணாரப்பேட்டை.

கப்பல்ல போன துணியில வெள்ளைக்காரங்க சொக்கிப் போனது சீட்டியில. ஆமா, நம்ம பாட்டிமார் சொல்ற அதே சீட்டித்துணிதான். வெள்ளைக்காரன் வாயில அது 'சின்ட்ஸ்'. மசூலிப்பட்டினத்துல இருந்து நாகப்பட்டினம் வரைக்கும் நம்ம கிழக்குக் கரை முழுக்க இந்த வேலை நடந்துச்சு.

இதுல என்ன பெரிய விஷயம்னு நினைக்கறீங்களா? அன்னிக்கு ஐரோப்பாவுல பருத்தித் துணியில துவைச்சாலும் போகாத சாயம் ஏத்தத் தெரியாது. நம்ம ஆளுங்களுக்குத் தெரியும். முதல்ல துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில நனைச்சுக் காய வைக்கணும். பால்ல இருக்கற கொழுப்பு, எழுதற கோடு பரவாம தடுக்கும். ஊசியால ஓட்டை போட்ட காகிதத்தை மேல வச்சு கரித்தூள் தட்டினா டிசைன் இறங்கிடும். மூங்கில் பேனாவால, இரும்பும் வெல்லமும் ஊறின கருப்பால கோடு போடணும். சிவப்பு வேணுங்கற இடத்துல படிகாரம் தடவி, சாயவேர் போட்டுக் காய்ச்சணும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பு பிடிச்சுக்கும். நீலம் வேணும்னா மத்த இடத்தையெல்லாம் மெழுகால மூடிட்டு அவுரித் தொட்டியில முக்கணும். நடுவுல எத்தனை தடவை அலசணும், வெயில்ல போடணும்னு கணக்கே தனி. ஒரு ஸ்டெப் தப்பினா மொத்த பில்டும் ஃபெயில்.

கிளையன்ட் தொல்லையும் அப்பவே இருந்திருக்கு. 1643-ல லண்டன் டைரக்டர்கள் சூரத்துக்கு ஒரு கடிதம் போடறாங்க. சிவப்புத் தரை எங்க ஊர்ல அவ்வளவா போகலை, இனிமே வெள்ளைத் தரையில பூ போட்டு அனுப்புங்கன்னு. அச்சு அசலா ரிக்வயர்மென்ட் சேஞ்ச் :-) அப்புறம் வருஷக்கணக்கா நம்ம கரையில இருந்து போன சீட்டியில வெள்ளைத் தரையும், அதுல ஓடற கொடியும் பூவும்தான் அதிகம். படிச்சதும் பெட்டியில இருக்கற புடவை ஞாபகம் வந்துச்சு. வெள்ளைத் தரை, கொடி, சிவப்புப் பூ. சரின்னு மேல படிச்சேன்.

இந்தத் துணியை அவங்க உடுத்தறதுக்கு மட்டும் வாங்கலை. முக்கியமா வீட்டை அலங்கரிக்கத்தான் வாங்கினாங்க. சாமுவேல் பீப்ஸ்னு லண்டன்ல ஒரு அரசாங்க அதிகாரி, விடாம டைரி எழுதினவர். 1663 செப்டம்பர் 5-ம் தேதி, மனைவியோட புது அறைச் சுவத்துல மாட்ட ஒரு இந்தியச் சீட்டி வாங்கினதா எழுதி வச்சிருக்கார். பாருங்க, மனைவி கேட்டா சுவத்துக்குத் துணி வாங்கித் தர்ற வழக்கம் 350 வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. (தங்கமணி இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிச்சா.)

அடுத்த 50 வருஷத்துல சீட்டி வீடு முழுக்கப் பரவிடுச்சு. ராபின்சன் குருசோ எழுதின டேனியல் டீஃபோ 1708-லயே புலம்பினார். இந்தத் துணி நம்ம அறைக்குள்ள நுழைஞ்சு, திரைச்சீலை, மெத்தை, நாற்காலின்னு ஏறி, கடைசியில கட்டில் வரைக்கும் வந்துடுச்சுங்கற ரேஞ்சுல. கம்பளியும் பட்டும் நெய்யற உள்ளூர் நெசவாளர்களுக்குப் பொழப்பு போச்சு. 1719-ல லண்டன் தெருவுல சீட்டி கட்டிப் போன பொண்ணுங்களோட துணியைக் கிழிச்சாங்க, திராவகம் ஊத்தினாங்க. படிக்கும்போது அந்தப் பொண்ணுங்களை நினைச்சும் கஷ்டமா இருந்துச்சு, நெசவாளிங்களை நினைச்சும் கஷ்டமா இருந்துச்சு.

சட்டம் வந்துச்சு. 1700-ல போட்ட சட்டம் இந்தியச் சீட்டியை இங்கிலாந்துல விக்கத் தடை விதிச்சுது. அது பத்தலைன்னு 1721-ல இன்னொண்ணு. அதுல உடுத்தவும் கூடாது, கட்டில், நாற்காலி, திண்டு, ஜன்னல் திரைன்னு வீட்டுச் சாமானுக்கும் கூடாது. உடுத்திப் பிடிபட்டா 5 பவுண்டு அபராதம். ஃபிரான்ஸ் இன்னும் முந்திக்கிச்சு, 1686-ல இருந்து 1759 வரைக்கும் தடை.

சரி, பசை எங்க வருதுன்னு கேட்கறீங்க. வரேன்.

பணக்காரன் வீட்டுச் சுவத்துல பட்டும் வெல்வெட்டும் சீட்டியும் தொங்கும். காசு கம்மியா இருக்கறவனுக்கும் அந்த ஆசை வருமில்ல? 1634-லயே லண்டன்ல ஜெரோம் லேனியர்னு ஒருத்தர் ராஜாகிட்ட பேட்டன்ட் வாங்கினார். துணி மேல பசையால டிசைன் போட்டு, அது காயறதுக்குள்ள கம்பளித் தூளைத் தூவறது. பசை பட்ட இடத்துல தூள் ஒட்டி, தடவினா வெல்வெட் மாதிரியே இருக்கும். நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகையில மொசுமொசுன்னு ஒரு பூ வருமே, அதே டெக்னிக். அதுக்கு அவர் வச்ச பேரு 'லண்ட்ரிண்டியானா'. லண்டனும் இந்தியாவும் சேர்ந்த பேரு! அப்புறம் காகிதத்துலயும் இதையே செஞ்சாங்க. சீட்டி டிசைனைக் காகிதத்துல அச்சடிச்சு, சுவத்துல அறைஞ்ச முரட்டுத் துணி மேல மாவுப் பசையால ஒட்டினாங்க. வால்பேப்பரோட கதையில பாதி, விலை அதிகமான துணியைப் பார்த்து ஏங்கினவன் பசையை எடுத்த கதைதான்.

ஆனா என்னைத் தோக்கடிச்சது இது இல்லை, அடுத்தது.

சீட்டி விலையும் அதிகம், சட்டமும் விடலைன்னா, கையில இருக்கற துண்டு தங்கம் மாதிரி. 18-ம் நூற்றாண்டோட பிற்பகுதியில இருந்து இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் பெண்கள் என்ன பண்ணாங்கன்னா, நைஞ்ச சீட்டியில நல்லா இருக்கற பூவை மட்டும், பறவையை மட்டும், ஓரம் பிசகாம வெட்டி எடுத்தாங்க. அதை விலை மலிவான வெள்ளைத் துணி மேல பரப்பி, ஓரத்தைப் பொடித் தையலால பிடிச்சாங்க. ஒரு முழச் சீட்டி இருந்தா ஒரு கட்டில் விரிப்பையே பூவா நிரப்பிடலாம். பின்னாடி வந்த கைவேலைப் புத்தகங்கள் முதல்ல பசையால ஒட்டிட்டு அப்புறம் தைக்கச் சொல்லிக் கொடுத்துச்சு. இதுக்கு 19-ம் நூற்றாண்டுல ஒரு ஸ்டைலான பேரும் வச்சாங்க, 'ப்ரோடரி பெர்ஸ்'. அப்படின்னா பாரசீகத் தையல். பாரசீகத்துக்கும் இதுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட கிடையாது. துணி நம்ம கரை, உழைப்பு நம்ம ஆளுங்க, பேர் மட்டும் பாரசீகத்துக்கு. நம்ம கோடை எவனோ அவன் பேர்ல செக்-இன் பண்ணா வருமே ஒரு எரிச்சல், அதே எரிச்சல் எனக்கு.

இப்போ யோசிங்க. முழுசா உடுத்தின துணி கிழிஞ்சு கந்தலாகி எங்கேயோ போயிடுச்சு. வெட்டி ஒட்டின பூக்கள் மட்டும் விரிப்போட விரிப்பா மியூசியம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு. வெட்டினதால அழியலை. வெட்டினதாலதான் மிஞ்சியிருக்கு.

ஒரு குட்டிக்கதை. டேவிட் கேரிக்னு லண்டன்ல பெரிய நாடக நடிகர். அவர் மனைவிக்கு மசூலிப்பட்டினத்துச் சீட்டி பரிசா வந்துச்சு, கட்டிலுக்குத் திரை போட. 1775-ல கஸ்டம்ஸ் காரங்க வந்து பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. முந்தின வருஷம் 1774-லதான் பிரிட்டன்லயே செய்த பருத்தி அச்சுத்துணிக்குத் தடை நீங்கியிருந்துச்சு, நம்ம ஊர் துணிக்கு நீங்கலை. அவ்வளவு பெரிய நடிகர், என் மனைவி அழறான்னு அதிகாரிக்கு கெஞ்சிக் கடிதம் எழுதினார். அந்தக் கட்டிலும் சீட்டித் திரையும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு.

தடையெல்லாம் போட்டுட்டு சும்மா இருந்தாங்களா? ரிவர்ஸ் இன்ஜினியரிங் நடந்துச்சு. 1734 வாக்குல பியூலியன்னு ஒரு ஃபிரெஞ்சு கப்பல் அதிகாரி பாண்டிச்சேரியில ஒவ்வொரு ஸ்டெப் முடியும்போதும் துணியில ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போட பாரிசுக்குக் கொண்டு போனார். 1742-ல கேர்தூங்கற பாதிரியார், மதம் மாறின சாயக்காரங்ககிட்ட கேட்டு முழு ப்ராசஸையும் கடிதமா எழுதி அனுப்பினார். அது அச்சாவும் வந்துச்சு. அடுத்த சில பத்தாண்டுகள்ல செப்புத் தகடு அச்சு, 1783-ல உருளை அச்சு, அப்புறம் மில். 19-ம் நூற்றாண்டுல மான்செஸ்டர் துணி நம்ம சந்தைக்கே திரும்பி வந்து குவிஞ்சுது. தூக்கிட்டுப் போன கொடியும் பூவும் மெஷின்ல அச்சாகி நமக்கே வித்தது. அப்பத்தா கட்டின மில் வாயில் புடவையில இருக்கற அந்தக் கொடி, இத்தனை சுத்து சுத்தி வந்த கொடியோட பேத்தியா இருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். நிரூபிக்க முடியாது, விடுங்க.

இவ்வளவையும் படிச்சிட்டு ராத்திரி 11 மணிக்கு பெட்டியைத் திறந்து புடவையை விரிச்சேன். சுவத்துக்குப் போதுமான்னு அளந்தா ரெண்டே முக்கால் மீட்டர்தான் இருக்கு. ஒரு ஓரம் கத்தரிச்சு, கையால மடிச்சுத் தைச்சிருக்கு. காலையில ஊருக்கு போன் போட்டேன்.

"ஏம்மா, அப்பத்தா புடவை பாதிதான் இருக்கு, மீதி எங்க?"

"நீ படுத்து உருண்டியே தூளி, அது என்ன வானத்துல இருந்தா வந்துச்சு? நீ பொறந்தப்போ உங்க அப்பத்தாதான் அவங்க கையால வெட்டித் தைச்சாங்க. அப்புறம் அது தலகாணி உறையாச்சு, அப்புறம் அடுப்படியில கரித்துணியாச்சு. ஏம்ப்பா?"

"இல்லம்மா, வெட்டி சுவத்துல ஒட்டலாமான்னு இவ கேட்டா. நான் வேணாம்னு..."

"பெட்டியில வச்சு நைஞ்சு போறதுக்கு ஒட்டினா கண்ணுக்காவது தெரியும்ல? அவங்க இருந்தா அவங்களே வெட்டிக் கொடுத்திருப்பாங்க. போனை அவகிட்ட குடு."

குடுத்தேன். அவங்க ரெண்டு பேரும் என்னைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

சரி, செய்முறைக்கு வரேன். நாங்க பட்டுக் கத்துக்கிட்டது, நீங்க படாம கத்துக்கோங்க.

முதல்ல யூனிட் டெஸ்டிங். என் பழைய வேட்டித் துண்டு ஒண்ணை நேரா அந்தக் கறை மேலேயே ஒட்டிப் பார்த்தோம். ஒரே வாரத்துல கருப்புப் புள்ளி வந்துடுச்சு. மாவுப் பசையும் ஓதமும் சேர்ந்தா பூஞ்சைக்கு விருந்து. அதனால ஓதம் இருக்கற சுவத்துல எதையும் ஒட்டாதீங்க. நல்லாக் காய்ஞ்ச சுவர்னா தாராளமா ஒட்டலாம்.

மாத்து வழிக்கு நம்ம தஞ்சாவூர் ஓவியம் கை கொடுத்துச்சு. அதுல பலகை மேல புளியங்கொட்டைப் பசையால துணியை ஒட்டி, அது மேலதான் சுண்ணாம்பு பூசி வரைவாங்க. நாங்களும் 4 அடிக்கு 3 அடி ஹார்ட்போர்டு பலகை ஒண்ணு வாங்கி, அது மேல வெள்ளை வேட்டியை ஒட்டினோம்.

பசைக்கு ஒரு பங்கு மைதா, அஞ்சு பங்கு தண்ணி. முதல்ல பச்சைத் தண்ணியில கட்டி இல்லாம கரைச்சுட்டு, அப்புறம் சிம்ல வச்சுக் கிண்டிக்கிட்டே இருந்தா கண்ணாடி மாதிரி ஆகும். ஆறினதும் பிரஷ்ல மெல்லிசா தடவணும். துணியை வச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு பழைய ஏடிஎம் கார்டால தள்ளிக்கிட்டே போனா காத்துக் குமிழ் வராது.

பூ வெட்டறதுக்கு முன்னாடி முக்கியமான ஸ்டெப். புடவைக்கு கெட்டியா கஞ்சி போட்டுக் காய வச்சு இஸ்திரி போட்டுடணும். அப்போதான் துணி காகிதம் மாதிரி விறைப்பா நிக்கும், வெட்டற ஓரத்துல நூல் பிரியாது. இது தெரியாம முதல் ரெண்டு பூவை நான் நூல் நூலாக்கிட்டேன். தங்கமணி ஒண்ணும் சொல்லலை. அது இன்னும் மோசம்.

மொத்தம் 23 பூ, 4 நீளக் கொடி. எல்லாத்தையும் தரையில பரப்பி, போட்டோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொண்ணா ஒட்டினோம். ஒரு ராத்திரி முழுக்க ஃபேன்ல காய வச்சு, மறுநாள் புத்தக ஷெல்ஃப் மேல சுவத்துல சாய்ச்சு நிறுத்தினோம். ஆணி இல்லை. ஆஸ்திரேலியாவும் தெரியலை. டாஸ்மேனியா மட்டும் லேசா எட்டிப் பார்க்குது. செலவு 310 ரூபாய், அதுல பலகைதான் பெரும்பங்கு.

போன வாரம் அம்மா வந்திருந்தாங்க. செருப்பைக் கழட்டிட்டு நேரா அது முன்னாடி போய் நின்னாங்க. ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாங்க. "பொங்கலுக்கு எடுத்தது இது"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை. அப்புறம் மிச்சம் இருந்த ஒண்ணரை மீட்டரைக் கேட்டு வாங்கி, உதறி மடிச்சு, திரும்பப் பெட்டியிலயே வச்சாங்க. எதுக்கும்மான்னு கேட்டேன். இருக்கட்டும்னு சொல்லிட்டு தங்கமணியைப் பார்த்தாங்க.

பி.கு: துணியில கலம் பிடிச்சு எழுதற வேலை ஆந்திராவுல ஸ்ரீகாளஹஸ்தியோட நின்னு போச்சுன்னு நினைச்சிருந்தேன். இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்துல சிக்கல்நாயக்கன்பேட்டையில கோயில் தொம்பைக்கும் வாசல் மாலைக்கும் இன்னமும் எழுதறாங்க. கருப்பூர் கலம்காரிங்கற பேர்ல 2021-ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. கும்பகோணம் பக்கம் போறவங்க ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. வாங்கறதுன்னா பேரம் பேசாம வாங்குங்க. அந்த வேலையில எத்தனை ஸ்டெப்புன்னு மேல பார்த்தீங்கல்ல?